உலக சாம்பியனால் எழுத முடியாத புரோகிராம்

மொபைல்ல ஒரு செஸ் கேம் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க? நேரா அனாலிசிஸ் பக்கத்துக்குப் போவீங்க. போர்டு ஓரமா ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை ஏறி இறங்கும். பதினெட்டாவது மூவ் தப்பு, குதிரையை அந்தப் பக்கம் வச்சிருக்கணும்னு காட்டும். ஏன் தப்புன்னு பார்த்தா, அடுத்த பத்து மூவை வரிசையா போடும். காரணம் மட்டும் சொல்லாது. நாமளும் அதுக்கு மேல கேட்கிறதில்ல. மெஸ்ல தோசை தீர்ந்துடும்னு எழுந்து போயிடுவோம்.

நாம் கேட்காமல் விடுகிற அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தன் வாழ்க்கையின் கடைசி முப்பது வருடங்களைச் செலவழித்தார். அவர் செஸ்ஸில் உலக சாம்பியன். அதுவும் பட்டத்தை இழந்து, மறுபடி பிடித்து, மறுபடி இழந்து, மறுபடி பிடித்தவர். கூடவே நம்ம மாதிரி இன்ஜினியர், எலெக்ட்ரிகல். ஒரு நல்ல ஆட்டக்காரர் எப்படி யோசிக்கிறாரோ அதே மாதிரி யோசிக்கிற ஒரு புரோகிராமை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். கடைசிவரை அது முடியவில்லை. மிகைல் போட்வின்னிக் என்ற அந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் செய்த செட்

போட்வின்னிக் பிறந்தது 1911 ஆகஸ்ட் 17. ஊர் குவோக்கலா. அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்லாந்துப் பகுதியில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருந்த ஊர் அது. அப்பா பல் செட் செய்பவர், அம்மா பல் டாக்டர். பையனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார்.

பெரிய செஸ் மேதைகள் எல்லாரும் நாலு வயசு, அஞ்சு வயசுலயே ஆட ஆரம்பிச்சவங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இவர் அப்படி இல்லை. பன்னிரண்டு வயதில், அண்ணனுடைய நண்பன் ஒருவன் சொல்லிக்கொடுத்து, வீட்டிலேயே செய்த ஒரு செட்டில்தான் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வேகமோ வேகம். இரண்டே வருடத்தில், 1925-ல், அன்றைய உலக சாம்பியன் கபபிளாங்கா லெனின்கிராடுக்கு வந்து ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடினார். அதில் ஒரு போர்டில் உட்கார்ந்திருந்த பதினான்கு வயதுப் பையன் அவரைத் தோற்கடித்தான். போட்வின்னிக்தான்.

1931-ல், இருபது வயதில், சோவியத் யூனியனின் சாம்பியன் ஆனார். அப்போது அவர் லெனின்கிராட் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தார். அங்கே பாலிடெக்னிக் என்றால் நம்ம ஊர் டிப்ளமா காலேஜ் இல்லை. நாட்டின் முக்கியமான தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் ஒன்று.

இரண்டு வேலை, இரண்டும் முழு வேலை

படிப்பா ஸ்போர்ட்ஸா, ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு நமக்கு வீட்ல சொல்வாங்க இல்லையா? போட்வின்னிக் கடைசிவரை இரண்டையும் விடவில்லை. உயர் மின்னழுத்தம், ஜெனரேட்டர் கட்டுப்பாடு இரண்டும் அவருடைய துறை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை லெனின்கிராடை நெருங்கியபோது, பாலே நடனக் கலைஞரான மனைவியின் தியேட்டர் குழுவோடு யூரல் பகுதியில் உள்ள பெர்ம் நகரத்துக்கு இடம்பெயர்ந்தார். கண்பார்வை மோசம் என்பதால் ராணுவத்தில் சேர்க்கப்படவில்லை. பகலில் மின்சார நிறுவனத்தில் இன்சுலேஷன் வேலை, ராத்திரியில் ஆட்டங்களை அலசி எழுதும் வேலை என்று அந்த வருடங்கள் போயின.

1946-ல் உலக சாம்பியன் அலெகைன் பட்டத்தோடவே இறந்துவிட்டார். அடுத்த சாம்பியன் யார் என்று முடிவு செய்ய 1948-ல் ஹேக் நகரத்திலும் மாஸ்கோவிலும் ஐந்து பேர் ஆடினார்கள். போட்வின்னிக், ஸ்மிஸ்லோவ், கெரஸ், ரெஷவ்ஸ்கி, யூவ. 20 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்து போட்வின்னிக் சாம்பியன் ஆனார்.

உலக சாம்பியன் ஆனவுடன் அவர் என்ன பண்ணினார் தெரியுமா? மூன்று வருடம் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்தார். 1951-ல் அது முடிந்த கையோடு பிரான்ஸ்டீனோடு பட்டத்துக்கான மேட்ச். 12-12 என்று சமன். சமன் என்றால் பட்டம் சாம்பியனிடமே இருக்கும் என்பது அன்றைய விதி. அதனால் தப்பித்தார்.

இ.இ.இ. நண்பர்களுக்கு ஒரு தகவல். போட்வின்னிக் பல வருடம் உழைத்த ஒரு விஷயம், ரோட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தி, வேகம் மாறினாலும் கிரிட்டோடு ஒத்துப்போகிற மாதிரி மெஷினை ஓட்டுவது. அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். காற்றாலைப் பாடத்தில் டபுளி ஃபெட் மெஷின்னு ஒண்ணு படிக்கிறீங்களே, அதுக்கு நெருங்கின சொந்தம் இது.

தோற்றால் நோட்டை எடு

ஆட்டத்தில் அவர் மேதாவித்தனத்தை நம்பியவர் இல்லை. தயாரிப்பை நம்பியவர். எதிராளியின் பழைய ஆட்டங்களை எடுத்து அலசுவது, ஆரம்ப மூவ்களை வீட்டிலேயே ஆழமாக ஆராய்ந்து வைப்பது, உடம்பைச் சரியாக வைத்துக்கொள்வது. இன்றைக்கு எல்லா கிராண்ட்மாஸ்டரும் செய்கிற இந்த வேலைகளை ஒரு முறையாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் அவர். சிகரெட் புகை தனக்கு ஆகாது என்பதால், பயிற்சி ஆட்டத்தில் எதிரில் இருப்பவரைப் புகை ஊதச் சொல்லிப் பழகிக்கொண்டார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்பதற்காக ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டும் ஆடிப் பார்த்தார்.

1957-ல் ஸ்மிஸ்லோவிடம் பட்டத்தை இழந்தார். ஒரு வருடத்தில் மறுமேட்ச், 1958-ல் திரும்ப வாங்கினார். 1960-ல் தால் வந்தார். 23 வயசு, புயல் மாதிரி ஆட்டம். 12½-8½ என்று போட்வின்னிக்கை ஓரம்கட்டினார். அதோடு இவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள். அவர் தன் தோல்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, தால் எந்த மாதிரி நிலைகளில் சுகமாக இருக்கிறார், எதில் தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். 1961-ல், 49 வயதில், 13-8 என்று ஜெயித்தார்.

1963-ல் பெட்ரோசியானிடம் மூன்றாவது முறையாகப் பட்டம் போனது. தோற்ற சாம்பியனுக்கு மறுமேட்ச் உரிமை என்ற விதியை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்குமேல் அவர் பட்டத்துக்குப் போட்டியிடவில்லை.

இந்த மனிதரைப் பற்றி இதுவரை சொன்னதில் ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க. எந்தத் தோல்விக்கும் ஒரு காரணம் இருக்கும், உட்கார்ந்து தேடினால் அது கிடைக்கும், கிடைத்தால் எழுதிவைக்கலாம் என்று முழுசாக நம்பியவர் அவர். அந்த நம்பிக்கைதான் அவரைக் கம்ப்யூட்டரிடம் கொண்டுபோனது.

ரெண்டு வழி

செஸ் போர்டில் ஒரு நிலையில் சராசரியாக 35 மூவ் போடலாம் என்று வச்சுக்கோங்க. ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு 35 பதில். ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு மூவ் ஆடினா எத்தனை விதம்? 35-ஐ ஆறு முறை பெருக்குங்க. சுமார் 183 கோடி. மூணே மூவுக்கு.

1950-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் கிளாட் ஷானன் இதற்கு இரண்டு வழிகளைச் சொன்னார். இன்ஃபர்மேஷன் தியரி பாடத்தில் வருகிற அதே ஷானன்தான். முதல் வழி, குறிப்பிட்ட ஆழம் வரைக்கும் எல்லா மூவையும் ஒன்றுவிடாமல் பார்ப்பது. இரண்டாவது வழி, மனிதன் மாதிரி சில மூவ்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றை ஆழமாகப் பார்ப்பது. 1965-ல் ஷானன் மாஸ்கோ போனபோது போட்வின்னிக்கைச் சந்தித்து அவரோடு ஒரு ஆட்டமும் ஆடினார். 42 மூவ் தாக்குப்பிடித்துத் தோற்றார்.

போட்வின்னிக்குக்கு இரண்டாவது வழிதான் வழி. அவருக்கு அதற்கு நல்ல காரணம் இருந்தது. 1938-ல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் கபபிளாங்காவுக்கு எதிராக அவர் பிஷப்பைத் தூக்கி எதிராளி வாயில் கொடுத்த ஆட்டம், செஸ் வரலாற்றின் பிரபலமான ஆட்டங்களில் ஒன்று. அந்த பிஷப்பைக் கொடுக்கும்போது கடைசிவரை அவர் கணக்குப் போட்டு முடிக்கவில்லை. எப்படியும் ஒரு டிரா கைவசம் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு இரண்டாவது கட்டமாக ஜெயிக்கும் வழியைத் தேடினார். கோடிக்கணக்கான நிலைகளை அவர் மூளை பார்க்கவே இல்லை, ஆனாலும் சரியான மூவைப் பிடித்தது. அப்படியென்றால் மூளைக்குள் ஒரு அல்காரிதம் இருக்கிறது. அதை எழுதிவிட்டால் போதும், குறைந்த வேகம் உள்ள கம்ப்யூட்டர்கூட உலக சாம்பியன் மாதிரி ஆடும். இதுதான் அவருடைய வாதம்.

செஸ் மட்டும் அவர் குறி இல்லை. நிறைய வழிகள் இருக்கும், எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது, ஆனால் முடிவு எடுத்தே ஆகவேண்டும். ஒரு நாட்டின் பொருளாதாரமும் மின்சார நிர்வாகமும் அப்படிப்பட்ட பிரச்சினைகள்தானே. செஸ்ஸை வச்சு முறையைக் கண்டுபிடிச்சுட்டா, அதை அங்கேயும் கொண்டுபோகலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

பயனியர்

1968-ல் தன் அல்காரிதம் பற்றி முதல் புத்தகத்தை வெளியிட்டார். 1970-ல், 59 வயதைத் தொடும் நேரத்தில், போட்டி செஸ்ஸிலிருந்து முழுவதுமாக விலகினார். மாஸ்கோவில் மின்சார ஆராய்ச்சி நிறுவனத்தில், கணிதம் தெரிந்த சில இளைஞர்களோடு உட்கார்ந்தார். புரோகிராமுக்கு வைத்த பெயர் பயனியர்.

பயனியர் யோசிக்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஒரு காய்க்கு ஒரு இலக்கு. அந்த இலக்கை அடைய அது போகவேண்டிய பாதை. அந்தப் பாதையில் அதற்கு உதவக்கூடிய நம் காய்கள், அதைத் தடுக்கக்கூடிய எதிராளி காய்கள். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு மண்டலம். மண்டலத்துக்குள் வராத காயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேடும்போது ஊர்ல இருக்கிற எல்லாத் தெருவையுமா சுத்துறோம்? போகிற வழியில் இருக்கிறதை மட்டும்தானே பார்க்கிறோம். அந்த மாதிரி.

கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்க. உண்மையிலேயே அது வேலையும் செய்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த நதரேஷ்விலி உருவாக்கிய கடினமான ஒரு செஸ் புதிரைப் பயனியரிடம் கொடுத்தார்கள். சுமார் 200 நிலைகளை மட்டும் பார்த்து அது விடை கண்டுபிடித்தது. ஆழம் மிக அதிகமான புதிர் அது. எல்லாவற்றையும் பார்க்கிற அன்றைய புரோகிராம்கள் அதன் பக்கத்தில்கூட வரமுடியாது.

ஆனால் ஒரு புதிரைத் தீர்ப்பது வேறு, முழு ஆட்டம் ஆடுவது வேறு. ப்ராஜெக்ட் டெமோல ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் அருமையா ஓடும், ரெண்டாவது இன்புட் கொடுத்தா படுத்துக்கும். அனுபவம் இருக்குமே? ஒரு புதிருக்குச் சரியாக வந்த விதி அடுத்த நிலைக்கு ஒத்துவரவில்லை. விதியைத் திருத்தினால் வேறொரு இடத்தில் இடித்தது.

டொராண்டோவில் ஒரு யானை

அதே நேரத்தில், அதே மாஸ்கோவில், முதல் வழியில் போனவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் பெயர் உங்க டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகத்திலேயே இருக்கு. ஏவிஎல் ட்ரீயில் வருகிற அடெல்சன் வெல்ஸ்கி. 1966-67-ல் அவர்கள் குழுவின் புரோகிராம், தந்தி மூலம் அமெரிக்கப் புரோகிராம் ஒன்றோடு நான்கு ஆட்டம் ஆடி 3-1 என்று ஜெயித்தது. அமெரிக்கப் புரோகிராம் மூவ்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வகை. மாஸ்கோ புரோகிராம் எல்லாவற்றையும் பார்க்கும் வகை. அதன் வாரிசான கைஸ்ஸா 1974-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப்பை வென்றது.

1977-ல் இரண்டாவது சாம்பியன்ஷிப், டொராண்டோவில். பயனியர் தயாராகவில்லை. போட்வின்னிக் விருந்தினராகப் போனார். அங்கே கைஸ்ஸாவும், டியூக் பல்கலைக்கழகத்தின் டச்சஸ் என்ற புரோகிராமும் ஆடிய ஆட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. டச்சஸ் ராணியால் செக் கொடுத்தது. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். கைஸ்ஸா அதை விட்டுவிட்டு, யானையைக் குறுக்கே வைத்தது. யானை சும்மா போனது. புரோகிராமில் ஏதோ பிழை என்றுதான் பார்த்த எல்லாரும் முடிவு செய்தார்கள். போட்வின்னிக்குக்கும் காரணம் தெரியவில்லை. கைஸ்ஸா அந்த ஆட்டத்தைத் தோற்றது.

பிறகு புரோகிராமையே கேட்டுப் பார்த்தார்கள், ராஜாவை நகர்த்தினால் என்ன ஆகும் என்று. டச்சஸ் தன் ராணியைப் பலிகொடுத்து, அடுத்த சில மூவில் செக்மேட் செய்திருக்கும். அந்த மேட்டைத் தள்ளிப்போடத்தான் கைஸ்ஸா யானையைக் கொடுத்திருக்கிறது. மண்டபத்தில் இருந்த அத்தனை செஸ் மூளைகளும், பதினைந்து வருடத்துக்கு மேல் நடந்த உலகப் பட்டப் போராட்டங்களைப் பார்த்த மூளை உட்பட, அதைத் தவறவிட்டிருந்தன.

ஏன் தவறவிட்டார்கள்? ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற மூவை நல்ல ஆட்டக்காரரின் மூளை பெரும்பாலும் தேடவே போகாது. தேவையில்லாததைப் பார்க்காமல் விடுவதுதான் நம் பலம். போட்வின்னிக் பயனியருக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றதும் அதையே. பார்க்காமல் விட்டதுக்குள்தான் அன்று விடை இருந்தது. மெஷினுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அசிங்கமான மூவ், அழகான மூவ் என்ற வித்தியாசமே அதற்கு இல்லை, எல்லாவற்றையும் பார்த்தது.

இதற்காக போட்வின்னிக் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் ஜெயிக்காது என்று நினைத்தவரும் இல்லை அவர். 1968-ல் டேவிட் லெவி என்ற செஸ் மாஸ்டர், பத்து வருடத்துக்குள் எந்தப் புரோகிராமும் தன்னை ஒரு மேட்ச்சில் ஜெயிக்க முடியாது என்று பந்தயம் கட்டியபோது, லெவியின் பணம் போய்விடும் என்று பரிதாபப்பட்டவர் போட்வின்னிக். 1978-ல் லெவிதான் 3½-1½ என்று ஜெயித்தார். மெஷின் ஜெயிக்கும் என்பதில் அவர் கணிப்பு சரி, காலம்தான் தப்பு. எந்த வழியில் ஜெயிக்கும் என்பதிலும் தப்பு.

மாணவர்கள்

1963-ல் பட்டம் போன பிறகு அவர் இன்னொரு வேலையும் தொடங்கியிருந்தார். இளம் ஆட்டக்காரர்களுக்கான பள்ளி. அங்கே முக்கியமான வேலை ஹோம்வொர்க். உன் ஆட்டத்தை நீயே அலசு, எங்கே தவறினாய் என்று எழுதிக்கொண்டு வா. ஜெயித்த ஆட்டமாக இருந்தாலும் எழுது.

முதல் வகுப்புகளில் ஒல்லியாக ஒரு பையன் வந்தான். இவனுக்கு செஸ்ஸில் எதிர்காலம் இல்லை என்று போட்வின்னிக் எடைபோட்டார். பையன் பெயர் அனடோலி கார்ப்போவ். 1975-ல் உலக சாம்பியன் ஆனார். 1973-ல் பத்து வயதில் வந்து சேர்ந்தவர் காரி காஸ்பரோவ். 1985-ல் கார்ப்போவைத் தோற்கடித்து சாம்பியன் ஆனார். 1980-களில் வந்த இன்னொரு பையன் விளாதிமிர் கிராம்னிக். 2000-ல் காஸ்பரோவைத் தோற்கடித்து சாம்பியன் ஆனார்.

ஒரே வாத்தியார், மூன்று உலக சாம்பியன்கள். இதை நினைச்சுப் பாருங்க. தனக்குத் தெரிந்ததை ஒரு பத்து வயதுப் பையனுக்கு அவரால் கொடுக்க முடிந்தது. அதே விஷயத்தை ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க முடியவில்லை. பையனிடம் பாதி சொன்னால் போதும், மீதியை அவன் தானாகப் பிடித்துக்கொள்வான். எதைப் பிடித்துக்கொண்டான் என்பது அவனுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. புரோகிராமுக்கு அந்த மீதியையும் வரிவரியாக எழுதித் தரவேண்டும். அந்த மீதியை எழுதத்தான் போட்வின்னிக்கால் முடியவில்லை. செஸ்ஸைப் பற்றி அவ்வளவு தெரிந்த மனிதராலேயே.

கடைசி வருடங்கள்

பயனியர் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. அதற்குப் பிறகு சிசி சேப்பியன்ஸ் என்ற புதிய புரோகிராமை அவர் குழு எழுதியது. 1993-ல் அது மூன்று நிலைகளை அலசியதாக ஒரு கட்டுரை வெளிவந்தது. கம்ப்யூட்டர் செஸ் ஆய்வாளரும், தபால் வழி செஸ்ஸில் முன்னாள் உலக சாம்பியனுமான ஹான்ஸ் பெர்லினர் அதில் பிழைகளைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக விமர்சித்தார். வயதான ஒரு பெரிய மனிதரின் வேலை என்று யாரும் சலுகை காட்டவில்லை. ஆராய்ச்சியில் அது நியாயமும்கூட.

வெளியே காலம் வேகமாக ஓடியது. 1988-ல் டீப் தாட் என்ற மெஷின் போட்டி ஒன்றில் கிராண்ட்மாஸ்டர் லார்சனைத் தோற்கடித்தது. 1989-ல் காஸ்பரோவ் அதோடு இரண்டு ஆட்டம் ஆடி இரண்டையும் ஜெயித்தார். 1994-ல் லண்டனில் நடந்த வேக செஸ் போட்டியில், சாதாரண பென்டியம் கம்ப்யூட்டரில் ஓடிய செஸ் ஜீனியஸ் காஸ்பரோவையே வெளியேற்றியது. அந்தப் போட்டியின் அரையிறுதியில் அதை நிறுத்தியவர் நம்ம சென்னைக்காரர், விஸ்வநாதன் ஆனந்த்.

போட்வின்னிக் அப்போது 83 வயதுக்காரர். பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. ஆனாலும் புரோகிராம் வேலையை விடவில்லை. 1995 மே 5 அன்று மாஸ்கோவில் இறந்தார்.

அவர் பார்க்காத மேட்ச்

1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் காஸ்பரோவும் ஐபிஎம்மின் டீப் புளூவும் மோதின. முதல் ஆட்டத்தில் தோற்றாலும் காஸ்பரோவ் 4-2 என்று மேட்ச்சை ஜெயித்தார். 1997 மே மாதம் நியூயார்க்கில் மறுமேட்ச். இந்த முறை டீப் புளூ விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. மே 11 அன்று ஆறாவது ஆட்டத்தில் 19 மூவிலேயே காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 3½-2½. 2006-ல் பான் நகரத்தில் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸோடு ஆடி 4-2 என்று தோற்றார். அதில் ஒரு ஆட்டத்தில், ஒரே மூவில் வரும் செக்மேட்டைப் பார்க்காமல் விட்டார்.

இரண்டு பேரும் போட்வின்னிக்கின் பிள்ளைகள். தோற்கடித்தவை இரண்டும் போட்வின்னிக் ஏற்றுக்கொள்ளாத வழியில் வந்த மெஷின்கள். பட்டத்தை இழந்த முதல் இரண்டு முறையும் மறுமேட்ச் ஆடித் திரும்பப் பிடித்த மனிதருக்கு இந்தத் தோல்வியில் மறுமேட்ச் கிடைக்கவில்லை.

அப்போ அந்த முப்பது வருஷம் வீணா? எனக்கு அப்படிச் சொல்லத் தோணலை. பயனியரின் முறையை வைத்து, சோவியத் மின் நிலையங்களில் எந்த உபகரணத்தை எப்போது நிறுத்திப் பராமரிப்பது என்று திட்டம் போடும் புரோகிராம்களை அதே குழு எழுதியது. பிற்பாடு 2017-ல் வந்த ஆல்பாஸீரோ, விநாடிக்கு 80,000 நிலைகளை மட்டும் பார்த்து, 7 கோடி நிலைகளைப் பார்த்த ஸ்டாக்ஃபிஷை 100 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் வென்றது. குறைவாகப் பார்த்தாலும் ஜெயிக்கலாம் என்று போட்வின்னிக் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் ஆல்பாஸீரோவுக்கு எந்தச் சாம்பியனும் வந்து பாடம் எடுக்கவில்லை. அது தனக்குத்தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. எதைக் கற்றுக்கொண்டது என்று அதனாலும் சொல்ல முடியாது. பத்து வயதுப் பையனால் சொல்ல முடியாத மாதிரியே.

அதனால்தான் உங்க மொபைல்ல இருக்கிற பட்டை சரியான மூவைக் காட்டிட்டு, காரணம் கேட்டா பேசாம இருக்கு. போட்வின்னிக் எழுத நினைத்த புரோகிராம் ஒருவேளை முடிந்திருந்தால், அது அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கும்.

அடுத்த கேம் தோத்ததும், அனாலிசிஸ் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி, அவர் பள்ளியோட ஹோம்வொர்க்கை ஒரு தடவை செஞ்சு பாருங்க. எந்த மூவ்ல தப்பு, ஏன் தப்புன்னு ஒரு நோட்டுல நீங்களே ரெண்டு வரி எழுதுங்க. அப்புறமா பட்டையைப் பாருங்க. மூவ் தப்பா இருக்கலாம், பரவாயில்ல. அந்த ரெண்டு வரி உங்களோடது.